மூக்கால் நடப்பவற்றின் உடற்கூறு

1963-ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழில் ஒரு புத்தக மதிப்புரை வந்தது. எழுதியவர் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன். பாலூட்டிகளின் பரிணாமம் என்று வந்துவிட்டால் அன்றைக்கு அவரை மிஞ்சிய ஆள் கிடையாது. ஜெர்மன் மொழியில் வந்திருந்த ஒரு மெல்லிய நூலை எடுத்துக்கொண்டு, அதில் விலங்குகளை வகைப்படுத்தியிருந்த விதத்தையும் அவற்றுக்குப் பெயரிட்டிருந்த விதத்தையும் அவர் கறாராகக் கண்டித்திருந்தார். அந்த விலங்குகளில் ஒன்றுகூட உலகில் இருந்ததில்லை என்பது சிம்ப்சனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் சண்டை பிடித்தார்.

நூலின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ரைனோகிரேடென்ஷியாவின் அமைப்பும் வாழ்வும்'. 1957-இல் ஸ்டுட்கார்ட் நகரின் குஸ்தாவ் பிஷர் பதிப்பகம் வெளியிட்டது. கல்லூரிப் பாடநூல்களும் ஆய்வுநூல்களும் போடுகிற பதிப்பகம் அது. ஆசிரியர் பெயர் ஹரால்ட் ஸ்டும்ப்கே என்றிருந்தது. அப்படியொருவர் இல்லை. எழுதியவரும் படம் வரைந்தவரும் கெரோல்ஃப் ஸ்டைனர் என்ற விலங்கியல் பேராசிரியர். 1908-இல் பிறந்து 101 வயது வரை வாழ்ந்தவர். கிறிஸ்டியன் மோர்கன்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் கவிஞர் 1905-இல் எழுதிய ஒரு வேடிக்கைக் கவிதையில், மூக்குகளை ஊன்றி நடக்கும் 'நாசோபேம்' என்ற பிராணி தன் குட்டியோடு வரும். எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இந்தப் பிராணி இல்லை என்று கவிஞரே அதில் கேலி செய்திருப்பார். அரை நூற்றாண்டு கழித்து ஸ்டைனர் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார். ஒரு பிராணியோடு நிறுத்தாமல், 14 குடும்பங்கள், 189 சிற்றினங்கள் கொண்ட ஒரு முழு விலங்கு வரிசையையே கட்டி எழுப்பிவிட்டார்.

கதை இது. பசிபிக் பெருங்கடலில் ஹை-யி-யி என்றொரு தீவுக்கூட்டம். 1941-இல் ஜப்பானியர் சிறைமுகாமிலிருந்து தப்பிய ஒரு சுவீடன்காரர் அங்கே கரையொதுங்குகிறார். மூஞ்சூறு போன்ற ஒரு சிறு பாலூட்டி எப்போதோ அந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. போட்டிக்கு வேறு பாலூட்டி இல்லை. அதன் வாரிசுகள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஒவ்வொரு பிழைப்பாகப் பிடித்துக்கொள்கின்றன. எல்லாமே மூக்கை வைத்துத்தான். சென்ற அத்தியாயத்தில் ஹவாய்த் தீவின் தேன்குருவிகளைப் பார்த்தோமே, ஒரே குருவியின் வழிவந்தவை ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களாகி, அலகை விதவிதமாக மாற்றிக்கொண்டு, விதை உடைப்பதும் தேன் உறிஞ்சுவதும் மரப்பட்டையைக் கிளறுவதுமாகப் பிரிந்துபோனதை? அதே தகவமைப்புப் பரவல்தான் இங்கேயும். அலகு இருந்த இடத்தில் மூக்கு இருக்கிறது, அவ்வளவே.

ஹாப்சோரைனஸ் மூக்கை மடக்கி உந்தித் தாவுகிறது. ஓட்டோப்டெரிக்ஸ் பெரிய காதுகளைச் சிறகாக அடித்துப் பின்னோக்கிப் பறக்கிறது. மூக்கு அதற்குச் சுக்கான். ஆர்கிடியோப்சிஸ் தன் முகத்தையே மலராக விரித்து, ஏமாந்து வரும் பூச்சியைத் தின்கிறது. நாசோபேமை வேட்டையாட டைரனோநேசஸ் என்றொரு கொடியதும் உண்டு. புழுவளவுக்குச் சிறுத்துப்போன இனங்களும் உண்டு. அடர்ந்த ரோமம் மூடிய மாமண்டாப்ஸும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது எமங்டேட்டர். ஓடையோரச் செடியின் தண்டைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்து, நீண்ட மூக்கிலிருந்து மெல்லிய சளி இழைகளைத் தண்ணீருக்குள் இறக்கும். நீரில் வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் ஒட்டிக்கொண்டதும் இழையை மேலே இழுத்துச் சாப்பிட்டுவிடும். இதை ஸ்டைனர் கிண்டலாக எழுதவில்லை. எந்தச் சொல்லிலும் புன்னகை தெரியாது. மூக்கின் குறுக்குவெட்டுப் படம், தசைகளுக்கும் எலும்புகளுக்கும் எழுத்துக்குறிகள், முந்தைய ஆய்வாளரோடு கருத்து வேறுபாடு, நூற்பட்டியல் என்று ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குள்ள அத்தனை அலங்காரங்களோடும் சளி ஒழுகுகிற விலங்கை நம் முன் வைக்கிறார்.

இதில் வெறும் சிரிப்பு மட்டும் இல்லை என்பது நூலின் முடிவில் தெரியும். தீவின் பூர்வகுடிகள், வந்தவர் கொண்டுவந்த ஜலதோஷத்தால் அழிந்துபோகிறார்கள். ரகசியமாக நடந்த ஓர் அணுகுண்டுச் சோதனையில் ஏதோ தவறு நேர்ந்து தீவுக்கூட்டமே கடலில் மூழ்குகிறது. அங்கே மாநாட்டுக்குக் கூடியிருந்த மூக்கு நிபுணர்கள் அனைவரும், ஸ்டும்ப்கே உட்பட, போய்ச் சேர்கிறார்கள். ஆதாரம் எதுவும் மிஞ்சாதபடி கதையை முடிக்கும் தந்திரம் என்று இதைக் கடந்துபோய்விடலாம். ஆனால் 1957-இல் படித்தவர்கள் அப்படிக் கடந்திருக்க முடியாது. 1875-இல் ஃபிஜியில் தட்டம்மை புகுந்து பல்லாயிரம் பேரைக் கொன்றது நடந்த வரலாறு. 1952-இல் எனிவெடாக் பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த முதல் ஹைட்ரஜன் கருவி, எலூகெலாப் என்ற தீவை இருந்த இடம் தெரியாமல் ஆக்கியது. 1954-இல் பிகினியில் வெடித்தது, கணித்ததைப் போல இரண்டரை மடங்கு வீரியத்தோடு கிளம்பியது. ஸ்டைனரின் விலங்குகள் கற்பனை. அவற்றின் அழிவுக்கு அவர் எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

இனி இந்த அத்தியாயத்தின் கேள்விக்கு வரலாம். இல்லாத விலங்குகளின் இயற்கை வரலாறு, அதுவும் படங்களோடு, ஏன் இத்தனை பேரைக் கட்டிப்போடுகிறது? விலங்கியலில் ஊறிய சிம்ப்சனைக்கூட?

கற்பனைக்குக் கடிவாளமில்லை, அதனால் மகிழ்ச்சி என்பது வழக்கமான பதில். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. கடிவாளம் இருக்கிற இடத்தில்தான் இந்த நூல்கள் சுவைக்கின்றன. நம் கோயில் தூண்களில் பாய்ந்து நிற்கும் யாளியைப் பாருங்கள். சிங்கத்தின் உடல், சிலவற்றில் யானையின் துதிக்கை, காலடியில் ஒரு சிறு யானை. பிரமாதமான படைப்பு. ஆனால் யாளி என்ன தின்னும், எத்தனை குட்டி போடும், கோடையில் தண்ணீருக்கு எங்கே போகும் என்று எந்தச் சிற்பியும் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவையும் இல்லை. அது காவலுக்கு நிற்கிறது, அதற்குப் பசிக்காது. இயற்கை வரலாற்று நூலுக்குள் காலடி வைத்த மறுகணம் அந்த யாளிக்குப் பசிக்கத் தொடங்கிவிடும். சிங்கப் பல்லோடு துதிக்கை எதற்கு? அந்த உடலை ஓட்ட ஒரு நாளைக்கு எவ்வளவு இறைச்சி? ஒவ்வோர் உறுப்பும் தன் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

பிரெஞ்சு உடற்கூற்று மேதை கூவியே பற்றி ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது, நடந்ததோ இல்லையோ. மாணவன் ஒருவன் சாத்தான் வேடம் போட்டுக்கொண்டு நள்ளிரவில் அவரைத் தின்னப் போவதாக மிரட்டினானாம். கூவியே மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொம்பும் குளம்பும் இருக்கிறதே, நீ புல் தின்கிற ஜாதி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாராம்.

இதே கணக்கை வைத்துத்தான் 1735-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் ஹாம்பர்க் நகரில் ஒரு வம்பை விலைக்கு வாங்கினார். ஏழு தலை நாகம் ஒன்று அந்த நகரின் பெருமையாக இருந்தது. பெரும் விலை பேசப்பட்டுக்கொண்டிருந்தது. லின்னேயஸ் வாயைத் திறந்து பார்த்தார். பற்கள் மரநாய் வகையைச் சேர்ந்த வீசல் என்ற பிராணியுடையவை. பாதங்களும் அதனுடையவையே. மேலே பாம்புத் தோல் ஒட்டியிருந்தது. ஓர் உடலுக்கு இத்தனை தலைகளை இயற்கை கொடுப்பதில்லை என்பது அவரது வாதம். உண்மையைச் சொல்லிவிட்டு ஊரைக் காலி செய்துகொண்டு போனார். உரிமையாளருக்குப் பெருநஷ்டம் அல்லவா? இதே கணக்கு சில சமயம் தப்பாகவும் போகும். 1799-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாத்தலகியின் பதப்படுத்திய உடலைப் பார்த்த விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, யாரோ வாத்தின் அலகைத் தைத்து ஏமாற்றுகிறார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டார். கணக்கு உதைத்தது, விலங்கு உண்மையாக இருந்தது.

ஸ்டைனரின் சளித் தூண்டிலை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். உதைக்கவில்லை. வெர்மெட்டிட் என்ற கடல் நத்தைகள் பாறையில் ஓட்டை ஒட்டவைத்துக்கொண்டு, சளியால் வலை வீசி மிதப்பவற்றைப் பிடித்துத் தின்கின்றன. நியூசிலாந்தின் வைடோமோ குகைகளில், ஒளிரும் பூச்சிப்புழுக்கள் கூரையிலிருந்து பிசுபிசுப்பான இழைகளைத் தொங்கவிட்டு இரைக்காகக் காத்திருக்கின்றன. மூக்கே எல்லாமாக இருப்பதிலும் அதிசயமில்லை. வட அமெரிக்காவின் நட்சத்திர மூக்கு அகழெலிக்கு மூக்கைச் சுற்றி 22 சதைக் கதிர்கள். அவற்றால் தடவியே இரையைக் கண்டு, கால் நொடிக்குள் விழுங்கிவிடும். யானையைச் சொல்லவே வேண்டாம். மூஞ்சூறு போன்ற ஒன்றிலிருந்து ஒரு தீவு முழுக்கப் பரவுவது என்றால் மடகாஸ்கரின் டென்ரெக்குகள் இருக்கின்றன. ஒரே மூதாதையின் பிள்ளைகள் முள்ளெலி மாதிரியும் அகழெலி மாதிரியும் நீரில் வேட்டையாடுபவையாகவும் ஆகியிருக்கின்றன. ஆனால் காதால் பறப்பது நடக்காது. வௌவாலின் சிறகுக்குள் கையெலும்பும் நெஞ்சுத்தசையும் இருக்கின்றன. காதுக்குள் குருத்தெலும்பைத் தவிர வேறென்ன இருக்கிறது? அங்கே ஸ்டைனர் கண் சிமிட்டுகிறார். எது நடக்கும், எது நடக்காது என்று வாசகர் தானே தரம் பிரிக்கத் தொடங்குகிறாரே, அந்த விளையாட்டுதான் இந்த நூலின் உயிர். விலங்கியல் தெரியாதவர் சிரிப்பார். தெரிந்தவர் சிரித்துவிட்டு, தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருவார்.

உட்கார்ந்தவர்கள் அறிவியலுக்குள்ளேயே நிறையப் பேர். ஒரு உண்மையான அந்துப்பூச்சிப் பேரினத்துக்கு ரைனோகிரேடென்ஷியா என்றே பெயர் வைத்தார்கள். அதன் சிற்றினப் பெயர் ஸ்டைனரி. 2012 ஏப்ரல் 1-ஆம் தேதி பாரிஸின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், மூக்கால் மரத்தைத் துளைக்கும் புதிய மூக்கு விலங்கு கிடைத்திருப்பதாக அறிவித்தது. 2015-இல் இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் பன்றி மூக்கோடு ஒரு எலி கிடைத்தது. இது நிஜ எலி. பெயர் ஹையோரைனோமிஸ் ஸ்டும்ப்கேய். இல்லாத ஆசிரியருக்கு இருக்கிற எலி. ஜெர்மானியர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது: நகைச்சுவைக் கலைஞர் லோரியோ தொலைக்காட்சிக்காக உருவாக்கிய, கல்லைத் தின்னும் பேனை, அவர்களுடைய பிரபல மருத்துவ அகராதியான 'பிஷிரெம்பெல்' 1983-இல் ஒரு பதிவாகவே சேர்த்துக்கொண்டது. 1994 பதிப்பில் நீக்கினார்கள். வாசகர்கள் விடவில்லை; 1997-இல் திரும்பவும் சேர்க்க வேண்டியதாயிற்று.

கணக்குப் பார்க்கும் கலையைப் பொதுவாசகரிடம் கொண்டுபோனவர் ஸ்காட்லாந்துக்காரரான டூகல் டிக்சன். படித்தது நிலவியல். 1981-இல் வந்த அவரது 'ஆஃப்டர் மேன்' நூல், மனிதன் அழிந்து 5 கோடி ஆண்டுகளுக்குப் பிறகான பூமியின் விலங்கியல் கையேடு. நம்மோடு சேர்ந்து பெரிய விலங்குகள் பலவும் போய்விட்டன. எலி, முயல், வௌவால், காகம் போன்ற எதையும் தாங்கும் இனங்கள் மிஞ்சியிருக்கின்றன. முயலின் வாரிசுகள் குளம்போடு மான் போலத் துள்ளுகின்றன. எலியின் வாரிசுகள் ஓநாயின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. கண்டங்களும் நகர்ந்திருக்கின்றன. ஆப்பிரிக்காவின் கிழக்கோரம் பிளந்து தனிநிலமாகிறது. பிளவுப் பள்ளத்தாக்கு இன்றைக்கே அங்கே வாய் பிளந்துகொண்டிருப்பதால் இது நியாயமான ஊகம்தான். அந்த நிலத்துக்கு டிக்சன் வைத்த பெயர் லெமூரியா. 1864-இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரையும் இந்தியாவையும் இணைத்த ஒரு பழைய நிலத்துக்குச் சூட்டிய பெயர். நம்மூரில் குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டு இன்றுவரை மேடைகளில் முழங்கும் அதே பெயர். கடந்த காலத்தில் இல்லாமல் போன கண்டத்துக்கு டிக்சன் எதிர்காலத்தில் இடம் ஒதுக்கிவிட்டார்.

இந்த நூலில் நின்று பார்க்க வேண்டிய இடம் படேவியா. கடலுக்கடியிலிருந்து எழுந்த எரிமலைத் தீவுகள். பாலூட்டிகளில் அங்கே பறந்து வந்து சேர்ந்தவை வௌவால்கள் மட்டுமே. தரையில் வேட்டையாட யாருமில்லை. எனவே அந்த வேலையையும் வௌவாலே பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படி உருவானதுதான் 'நைட் ஸ்டாக்கர்' என்ற இரவு வேட்டையன். ஒன்றரை மீட்டர் உயரம், கண் கிடையாது, பிரம்மாண்டமான காதுகளால் எதிரொலி கேட்டே இரையைக் கண்டுபிடிக்கும். அருவருப்பான படம், பார்த்தவர் மறப்பதில்லை. படத்தை இன்னும் கொஞ்சநேரம் பார்த்தால் ஒன்று புலப்படும். அது நடப்பது முன்னங்கால்களில், அதாவது ஒருகாலத்தில் சிறகாக இருந்தவற்றில். பின்னங்கால்கள் தோளுக்கு மேலாக முன்னுக்கு வந்து, இரையைப் பற்றும் கைகளாக நீள்கின்றன.

பயமுறுத்துவதற்காகத் தலைகீழாக்கியது அல்ல அது. வௌவாலின் பலமெல்லாம் நெஞ்சிலும் முன்னங்கையிலும். பின்னங்கால் தொங்குவதற்கும் பற்றுவதற்கும் மட்டும் ஆனது, ஒல்லி. தரைக்கு இறங்கிய வௌவாலின் எடையைத் தாங்கப்போவது எது? ஏற்கனவே பலம் உள்ள உறுப்பு. எதைப் பிடிகருவியாக்கும்? ஏற்கனவே பற்றத் தெரிந்த உறுப்பை. பரிணாமம் கையில் இருக்கிற சரக்கை வைத்தே வீடு கட்டும் கொத்தனார். புதிதாகச் செங்கல் வாங்கப் போவதில்லை. இந்த ஒரு படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்ட அளவுக்கு, பள்ளிப் பாடநூலின் பரிணாம அத்தியாயத்தில் நான் புரிந்துகொண்டதில்லை. டிக்சனின் கணக்குக்கு 24 ஆண்டுகள் கழித்துச் சாட்சியும் கிடைத்தது. 2005-இல் டேனியல் ரிஸ்கின், ஜான் ஹெர்மன்சன் இருவரும் ரத்தம் குடிக்கும் வௌவால்களை நடைப்பயிற்சி இயந்திரத்தில் ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். வேகம் கூடியபோது அவை துள்ளி ஓடின. உந்துவிசை முழுக்க முன்னங்கைகளிலிருந்து வந்தது. நியூசிலாந்தின் குட்டை வால் வௌவால் சிறகை மடித்துக்கொண்டு காட்டுத்தரையில் இரை தேடித் திரிவது முன்பே தெரிந்ததுதான். அந்த நாட்டில் மனிதன் வரும்முன் நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே.

அதே படேவியாவில் இன்னொரு வௌவாலின் காதுகளும் மூக்கிதழும் வண்ண இதழ்களாகியிருக்கின்றன. அது பூக்களுக்கு நடுவே முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பூச்சிக்குக் காத்திருக்கிறது. ஸ்டைனரின் ஆர்கிடியோப்சிஸை நினைவுபடுத்துகிறதா? ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தாரா என்று தேட வேண்டியதில்லை. தென்கிழக்காசியாவின் ஆர்க்கிட் தயிர்க்கடைப் பூச்சி இந்த இருவருக்கும் முன்னோடி. இதழ் போன்ற கால்களை விரித்து உட்கார்ந்தே பிழைக்கிறது. பொருத்தமான பிழைப்பு ஒன்று காலியாகக் கிடந்தால், இயற்கையும் கற்பனையும் ஒரே விடையில் போய் முட்டிக்கொள்ளும்.

எல்லாக் கணக்கும் டிக்சனுக்குச் சரியாக வந்துவிடவில்லை. பென்குவினிலிருந்து வந்த 'வோர்டெக்ஸ்' 12 மீட்டர் நீளத்துக்குத் திமிங்கலம் போல நீந்துகிறது, கரைக்கே வருவதில்லை. அப்படியானால் முட்டை? உடலுக்குள்ளேயே பொரித்துக் குஞ்சாக ஈனுகிறது என்று எழுதிவிட்டார். பல்லி, பாம்பு வகைகளில் குட்டி போடும் வழக்கம் 100-க்கும் மேற்பட்ட தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பறவைகளில் ஒரு தடவைகூட இல்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெருடும். நெருடுவதும் ஒரு லாபம்தான், பறவைகள் ஏன் முட்டையை விடவே இல்லை என்ற கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறதே. பீட்டர் டிக்கின்சன் 1979-இல் எழுதிய 'தி ஃப்ளைட் ஆஃப் டிராகன்ஸ்' நூலும் இதே ஜாதி. டிராகன் இருந்தது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்: வயிற்று அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து ஹைட்ரஜன் உண்டாகிறது, அந்த வாயுவால் மிதக்கிறது, மிஞ்சியதைக் கொளுத்தி வெளியேற்றுகிறது. நெருப்புக் கக்குவது வெறும் கழிவகற்றல்! செத்த பிறகு அமிலம் எலும்பைக் கரைத்துவிடுவதால் புதைபடிவமும் கிடைப்பதில்லை என்கிறார். வேதியியல் வாத்தியார்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய இடங்கள் உண்டு என்றாலும் ரசிக்காமல் இருக்க முடியாது. 'ஆஃப்டர் மேன்' வந்த அதே 1981-இல் இத்தாலியில் வந்தது லூயிஜி செராஃபினியின் 'கோடெக்ஸ் செராஃபினியானஸ்'. யாராலும் படிக்க முடியாத எழுத்தில், கனவில் வரும் செடிகொடிகளும் பிராணிகளும். படங்கள் அபாரம். ஆனால் அதில் எதுவும் எதற்கும் கணக்குக் காட்டுவதில்லை. நான் அதை ஓவியமாகப் பார்ப்பேன், மூடி வைப்பேன். ஸ்டைனரிடம் திரும்பத் திரும்பப் போவது போல அதனிடம் போனதில்லை.

படங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வார்த்தை மழுப்பலாம், கோடு மழுப்ப முடியாது. 'பிராணி மூக்கால் நடந்தது' என்று கவிஞர் எழுதிவிட்டுப் போகலாம். வரைகிறவர் அந்த மூக்கு முகத்தில் எந்த இடத்தில் முளைக்கிறது, தரையில் ஊன்றும்போது எங்கே மடிகிறது, அப்போது வாய் எங்கே போகிறது, தின்பது எப்படி என்பதையெல்லாம் முடிவு செய்தே ஆக வேண்டும். இயற்கை வரலாற்றுப் படத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆண், பெண், குட்டி, மண்டையோடு, பாதச்சுவடு என எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கும். யாரோ இவற்றைப் பல நாள் அருகிருந்து பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கையை அந்த அடுக்கே உண்டாக்கிவிடும். அந்த நம்பிக்கை எவ்வளவு வலியது என்பதற்கு ஆல்பிரெக்ட் டியூரர் சாட்சி. குஜராத் சுல்தான் போர்ச்சுகீசிய ஆளுநருக்குக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே 20-இல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. அதைக் கண்ணால் பார்க்காமலே, வந்த கடிதத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்து டியூரர் மரச்செதுக்குப் படம் செய்தார். உடம்புக்குக் கவசத் தகடுகள், காலில் செதில், தோளில் இன்னொரு குட்டிக் கொம்பு. 1551-இல் கான்ராட் கெஸ்னரின் பெரும் விலங்கியல் நூல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பா அந்தத் தோள்கொம்பை நம்பியது. இருக்கிற விலங்கு ஒன்று நல்ல ஓவியர் கையில் இல்லாத விலங்காகிவிட்டது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. இல்லாத விலங்கை வரைந்து வைத்து, பிறகு அது கிடைத்த கதை. 1862 ஜனவரியில் சார்லஸ் டார்வினுக்கு மடகாஸ்கரின் ஆர்க்கிட் பூக்கள் சில தபாலில் வந்தன. அவற்றில் ஒன்று ஆங்கரேகம் செஸ்குவிபெடேல். நட்சத்திரம் போன்ற வெள்ளைப் பூ. அதன் பின்னால் சாட்டை போல ஒரு குழல் தொங்குகிறது. ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். தேன் இருப்பது அடியில், கடைசி நாலு சென்டிமீட்டரில் மட்டும். இதைக் குடிக்க அத்தனை நீள உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று டார்வின் எழுதினார். பூச்சியியலாளர்கள் சிலர் சிரித்தார்கள்.

1867-இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அந்தக் கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டினார். நீளக் குழல் உள்ள பூச்சிக்கு அதிகத் தேன் கிடைக்கும். பூச்சியின் தலை மகரந்தத்தில் உரசினால்தான் பூவுக்கு வித்து கிடைக்கும். ஆகவே பூவின் குழல் பூச்சியின் குழலைவிடச் சற்றே நீண்டிருக்க வேண்டும். ஆகவே பூச்சியின் குழலும் நீள வேண்டும். இரண்டும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று நீட்டிக்கொண்டே போயிருக்கின்றன. கட்டுரையோடு ஒரு படமும் இருந்தது. தாமஸ் வில்லியம் வுட் வரைந்தது: மடகாஸ்கர் காட்டில், பூவின் முன்னே பறந்து நின்று உறிஞ்சுகுழலை நீட்டும் ஒரு பெரிய அந்துப்பூச்சி. அந்தப் பூச்சியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. நெப்டியூன் கோளைத் தேடிய வானியலாளர்களுக்கு இருந்த நம்பிக்கையோடு இதைத் தேடலாம் என்ற பொருளில் வாலஸ் எழுதியிருந்தார். ஸ்டைனரும் டிக்சனும் செய்ததற்கும் இதற்கும் முறையில் வேறுபாடில்லை. வாலஸ் விளையாட்டாகச் செய்யவில்லை, அவ்வளவே.

1903-இல் வால்டர் ராத்ஸ்சைல்டும் கார்ல் ஜோர்டனும் மடகாஸ்கரிலிருந்து ஒரு பருந்து அந்துப்பூச்சியை விவரித்தார்கள். முன்பே கணிக்கப்பட்டது என்ற பொருளில் அதற்கு 'பிரெடிக்டா' என்று பெயர். டார்வின் இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. வாலஸ் உயிரோடு இருந்தார். அது உண்மையிலேயே அந்தப் பூவுக்குத்தான் போகிறதா என்று நேரில் பார்த்துப் பதிவு செய்ய 1992 ஆயிற்று. 2021-இல் அதை ஆப்பிரிக்க உறவுக்காரனிலிருந்து பிரித்துத் தனிச் சிற்றினமாகவே உயர்த்தினார்கள்.

மடகாஸ்கரில் இதைவிட நீளக் குழல் கொண்ட ஆர்க்கிட்டும் இருக்கிறது. ஆங்கரேகம் லாங்கிகால்கர், குழல் 40 சென்டிமீட்டர் வரை போகிறது. பிரெடிக்டாவின் நாக்கு அதன் அடியைத் தொடாது. 1991-இல் ஜீன் கிரிட்ஸ்கி என்ற பூச்சியியலாளர் டார்வின் போட்ட அதே கணக்கைப் போட்டு, 38 சென்டிமீட்டர் நாக்கோடு இன்னொரு அந்துப்பூச்சி இருக்க வேண்டும் என்று எழுதினார். அந்தப் பூச்சி இன்னும் பிடிபடவில்லை. காட்டில் அந்த ஆர்க்கிட் செடிகளும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. ஆய்வாளர்கள் கையால் மகரந்தம் சேர்த்து விதை எடுக்கிறார்கள்.